10 மீட்டர் ஏர் ரைஃபிளை உடம்புக்குப் பொருத்துவது எப்படி: ஸ்டாக் முதல் சிலிண்டர் வரை

போட்டிக்கான ஏர் ரைஃபிள், அதாவது மேட்ச் ரைஃபிள் வரும் பெட்டிக்குள் துப்பாக்கியோடு ஒரு சின்ன அட்டையும் இருக்கும். பலர் அதை உறையோடு தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தொழிற்சாலையில் துப்பாக்கியை வைஸில் கவ்வி, 10 மீட்டரில் ஐந்து பெல்லட் (ஈயக் குண்டு) சுட்டுப் பார்த்த டெஸ்ட் கார்டு அது. ஐந்தும் சேர்ந்து ஒரே ஓட்டையாகத் தெரியும். அந்த ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்புவரை ஒரு காலிப்பரால் அளந்து பாருங்கள். 6 மி.மீ. என்று வந்தால், பெல்லட்டின் விட்டமான 4.5 மி.மீ.யைக் கழியுங்கள். மிச்சம் 1.5 மி.மீ. அதாவது நடுவிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் 0.75 மி.மீ.தான் விலகல்.

10 மீட்டர் ரைஃபிள் டார்கெட்டில் 0.1 புள்ளி என்பது 0.25 மி.மீ. நடுவிலிருந்து 0.25 மி.மீ.க்குள் பட்டால் 10.9, 2.5 மி.மீ. தள்ளிப் பட்டால் 10.0. அந்தக் கணக்கில் அட்டையிலுள்ள மோசமான குண்டுகூட 10.7. 60 குண்டுக்கு 640ஐத் தாண்டும் பேரல் (குழல்) ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் ஸ்கோர் 590 என்றால், அந்த 50 புள்ளியை இன்னொரு துப்பாக்கி வாங்கிச் சம்பாதிக்க முடியாது.

ஆகவே வேலையின் வரிசை இதுதான்: முதலில் ஸ்டாக் (தோளிலும் கையிலும் தாங்கும் கட்டை), அடுத்து சைட் (குறிபார்க்கும் கருவி), பிறகு ட்ரிகர், கடைசியில் பெல்லட். ரேஞ்சுகளில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. பெல்லட் டப்பாவை மாற்றிப் பார்ப்பது சுலபம், ஸ்டாக்கைத் திருத்தப் பொறுமை வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

எந்த அளவுத் துப்பாக்கி

இந்தத் துறையில் பெயர் வாங்கிய தொழிற்சாலைகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். ஜெர்மனியில் நெக்கர் ஆற்றங்கரையிலுள்ள ஓபர்ன்டார்ஃப் ஊரில் 1949இல் கார்ல் வெஸ்டிங்கரும் எர்ன்ஸ்ட் ஆல்டன்பர்கரும் தொடங்கிய ஃபைன்வெர்க்பாவ், உல்ம் நகரிலிருந்து வரும் வால்தர், 1856இல் தூரிங்கியாவில் தொடங்கி உலகப்போருக்குப் பிறகு அதே உல்முக்கு இடம் மாறிய அன்ஷூட்ஸ், ஆஸ்திரியாவின் ஸ்டெயர். நான்கும் ஒரே விதிப்புத்தகத்துக்குள் வேலை செய்கின்றன: 4.5 மி.மீ. காலிபர், மொத்த எடை 5.5 கிலோவுக்குள், மெக்கானிசத்தின் பின்முனையிலிருந்து முன்முனைவரை 850 மி.மீ.க்குள். விதி இவ்வளவு இறுக்கமாக இருப்பதால் பேரலின் துல்லியத்தில் இவற்றுக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது. வித்தியாசம் ஸ்டாக்கிலும், திருகுகளிலும், உதிரிபாகம் உங்கள் ஊரில் கிடைக்கிறதா என்பதிலும்தான். ஓ-ரிங்கும் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) வால்வும் மாற்றித் தர ஆள் இருக்கும் பிராண்டை வாங்குங்கள்.

வெளியே நீளமாகத் தெரிந்தாலும் பேரல் பெரும்பாலும் 42 செ.மீ. அளவுதான். அதற்கு முன்னால் நீள்வது வெறும் குழாய்; ஃப்ரண்ட் சைட்டைத் தள்ளி வைப்பதற்காக. பேரல் குட்டையாக இருப்பதால் பெல்லட் சீக்கிரம் வெளியேறிவிடுகிறது. ட்ரிகர் விழுந்த பிறகு கை அசைந்தாலும் கெடுதல் குறைவு. ஜூனியர் மாடல்களும் இந்த அடிப்படையில்தான் வருகின்றன. ஸ்டாக் குட்டை, எடை குறைவு, உள்ளே இருக்கும் மெக்கானிசமும் பேரலும் ஏறத்தாழ பெரியவர்களுடையதே. 12, 13 வயதுப் பிள்ளைக்கு ‘வளர்ந்தபின் சரியாகிவிடும்’ என்று முழு அளவு ரைஃபிள் வாங்கித் தருவது தவறு. எடை தாங்காமல் இடுப்பைப் பின்னால் வளைத்து நிற்கப் பழகிவிட்டால், முதுகு வலியும் அந்த நிலையும் சேர்ந்தே வளரும். 4 கிலோ சுற்றுவட்டத்தில் உள்ளதை வாங்கி, ஸ்டாக்கின் நீளத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டே போகலாம்.

வேகம் எல்லாவற்றிலும் விநாடிக்கு 170 மீட்டர் அளவில் இருக்கும். ஜெர்மனியில் ஐங்கோணத்துக்குள் எஃப் முத்திரையோடு வரும் 7.5 ஜூல் எல்லையை ஒட்டிய வேகம் இது. இந்தியாவில் 4.5 மி.மீ., 20 ஜூலுக்குள் உள்ள ஏர் ரைஃபிளுக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. இறக்குமதிக்கு வேறு நடைமுறை உண்டு, அதை மாநில ரைஃபிள் சங்கத்தின் வழியாகப் போவதே நல்லது. மற்ற நாட்டில் இருப்பவர்கள் அந்தந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளவும்.

ஸ்டாக்

தொடங்கும் முன் பேரல் காலியா என்று பார்த்து, மஞ்சள் சேஃப்டி ஃப்ளாக்கை உள்ளே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு திருகும் இப்போது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று போனில் படம் எடுத்து வையுங்கள். கையில் ஆலன் கீ செட், பென்சில், நோட்டு. ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

ஜாக்கெட், பேன்ட், ஷூ எல்லாம் போட்டுக்கொண்டுதான் அளவு எடுக்க வேண்டும். டி-ஷர்ட்டோடு வீட்டில் அமைத்த நீளம், கித்தான் ஜாக்கெட்டின் தடிப்பு தோளில் ஏறியதும் பொருந்தாமல் போய்விடும்.

முதலில் துப்பாக்கி இல்லாமல் நில்லுங்கள். வலது கைக்காரருக்குச் சொல்கிறோம். இடது கைக்காரர் மாற்றிக்கொள்ளவும். இடப்பக்கம் டார்கெட்டை நோக்க, கால் இரண்டும் தோள் அகலத்தில். இடது இடுப்பெலும்பின் மேல் இடது முழங்கை உட்கார வேண்டும். அது தசையின் பலத்தில் தொங்கக்கூடாது. எலும்பின் மேல் எலும்பு நிற்க வேண்டும். தலை நேராக, யாரோ கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதுபோல் கழுத்து மட்டும் திரும்பியிருக்கட்டும். இப்போது இடது முஷ்டிக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். அந்த இடைவெளியைத் துப்பாக்கி நிரப்ப வேண்டும். கழுத்தைக் குனிந்து நீங்கள் நிரப்பக்கூடாது. கை நீளமும் கழுத்து நீளமும் ஆளுக்கு ஆள் மாறுவதால்தான் ஹேண்ட் ரெஸ்ட் என்ற அந்த முன்தாங்கிக் கட்டை மேலும் கீழும் நகர்கிறது. கழுத்து நீண்டு, கை குட்டையானவருக்குக் கட்டை நன்றாகக் கீழே இறங்க வேண்டும். அது போதாவிட்டால் சைட்டுக்கு அடியில் ரைசர் பிளாக் வைத்து உயர்த்தலாம். முன்னும் பின்னும் ஒரே உயரத்தில்.

அடுத்து நீளம். பழைய முறை ஒன்று உண்டு: கைப்பிடியைப் பிடித்து, பட் பிளேட் (ஸ்டாக்கின் பின்முனையில் தோளில் பதியும் தகடு) முழங்கை மடிப்பில் தொடுகிறதா என்று பார்ப்பது. தொடக்கத்துக்கு அது போதும். சரியான சோதனை தோளில் வைத்த பிறகுதான். ஆள்காட்டி விரலின் முதல் கணு ட்ரிகர் பிளேடில் நேராகப் படிய வேண்டும். விரலின் பக்கம் ஸ்டாக்கைத் தொடக்கூடாது. நீளம் அதிகமானால் வலது தோள் பின்னால் இழுபட்டு, துப்பாக்கி பக்கவாட்டில் ஊசலாடும். குறைந்தால் மூக்கு ரியர் சைட்டுக்கு (கண்ணருகே உள்ள பின் சைட்) வந்துவிடும், கழுத்துத் தசை இறுகும். 5 மி.மீ. 5 மி.மீ.யாக மாற்றுங்கள்.

பட் பிளேட்டின் உயரம்தான் பலர் தொடவே பயப்படும் பாகம். சோதனை எளிது. டார்கெட்டை நோக்கித் துப்பாக்கியைத் தூக்குங்கள், கண்ணை மூடுங்கள், இரண்டு மூச்சு விடுங்கள், உடம்பு தானாக அமரட்டும். கண்ணைத் திறந்ததும் துப்பாக்கி எங்கே காட்டுகிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் உடம்பின் இயல்பான குறி. கருப்பு வட்டத்துக்கு மேலே காட்டினால் பட் பிளேட்டைச் சற்றுக் கீழே இறக்குங்கள். ஸ்டாக்கின் பின்பக்கம் தோளில் உயர்ந்து, முனை தாழும். கீழே காட்டினால் ஏற்றுங்கள். சின்ன வித்தியாசத்துக்கு இடது கையை 5 மி.மீ. முன்னே வைத்தால் முனை தாழும், பின்னே வைத்தால் உயரும்.

பக்கவாட்டு விலகலை ஸ்டாக்கில் தேடாதீர்கள், அது காலில் இருக்கிறது. வலப்பக்கம் காட்டினால் பின்காலை விரல் நோக்கிய பக்கம் ஒரு செ.மீ. நகர்த்துங்கள். இடப்பக்கம் காட்டினால் குதிகால் பக்கம். கையால் தள்ளிச் சரிசெய்து சுட்டால், ட்ரிகர் விழும் நொடியில் தசை தளர்ந்து துப்பாக்கி தன் பழைய இடத்துக்கே ஓடிவிடும். ‘நன்றாகத்தான் பிடித்தேன், 9.3 போய்விட்டது’ என்ற புலம்பலில் பாதி இங்கிருந்து வருவது.

சீக் பீஸ் (கன்னம் பதியும் கட்டை) கடைசியில். ஏனென்றால் மேலே சொன்ன ஒவ்வொரு மாற்றமும் முகம் படும் இடத்தை மாற்றிவிடுகிறது. கண்ணை மூடி, முகத்தை முழு எடையோடு சாய்த்து வையுங்கள். திறக்கும்போது ரியர் சைட்டின் ஐரிஸ் துளைக்கு நடுவில் ஃப்ரண்ட் சைட்டின் குழாய் சமமாகத் தெரிய வேண்டும். கண் தாழ்ந்திருந்தால் சீக் பீஸை 2 மி.மீ. ஏற்றுங்கள். கண் கோட்டுக்கு வெளியே இடப்பக்கம் நின்றால் சீக் பீஸை வலப்பக்கம் தள்ளுங்கள். தேடித்தேடிக் கண்ணை நடுவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தால் அமைப்பு இன்னும் முடியவில்லை. கன்னத்தின் அழுத்தம் ஒவ்வொரு தடவையும் மாறுவதை டார்கெட் காட்டிக்கொடுக்கும்: குரூப் (குண்டுகள் பட்ட ஓட்டைகளின் கூட்டம்) பக்கவாட்டில் நீண்டிருக்கும்.

சமநிலை எடைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துப்பாக்கியின் எடை மையம் இடது கைக்குச் சற்று முன்னால் இருந்தால் போதும். 50 கிராம் வீதம் சேர்த்து, ஒரு வாரம் சுட்டுப் பார்த்து முடிவெடுங்கள். முன்னால் எடை கூடினால் முனை நிதானமாகும், ஆனால் 40ஆவது குண்டுக்குப் பிறகு இடுப்பு கெஞ்சும். போட்டியில் 60 குண்டு, எலக்ட்ரானிக் டார்கெட் என்றால் 75 நிமிடம், அதற்கு முன் 15 நிமிடம் தயாரிப்பும் சைட்டரும் (ஸ்கோரில் சேராத சோதனைக் குண்டுகள்). அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத் தாங்கும் எடைதான் சரியான எடை.

சைட்

ஃப்ரண்ட் சைட் ரிங் எந்த அளவு என்ற கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லும். கருப்பு வட்டத்தின் விட்டம் 30.5 மி.மீ., தூரம் 10 மீட்டர். கண்ணிலிருந்து ஃப்ரண்ட் சைட் சுமார் 87 செ.மீ. தள்ளி இருந்தால், அந்த இடத்தில் கருப்பு 2.65 மி.மீ. அளவாகத் தெரியும். 3.2 மி.மீ. ரிங் போட்டால் சுற்றிலும் கால் மி.மீ.தான் வெள்ளை மிஞ்சும். துல்லியமாகத் தெரிகிறதே என்று பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு சிறு ஆட்டமும் பெரிதாகத் தெரிந்து, விரல் தயங்கும். 4.0 மி.மீ. போட்டால் சுற்றிலும் ஏறத்தாழ 0.7 மி.மீ. வெள்ளை. புதியவருக்கு 4.2, 4.5கூட நல்லதே. ரிங் பெரிதானால் துல்லியம் போய்விடும் என்பது வீண் பயம். வட்டத்துக்குள் வட்டத்தை நடுவில் வைப்பதில் கண்ணுக்கு அபாரத் திறமை உண்டு.

ரியர் ஐரிஸை 1.1 மி.மீ. அளவில் தொடங்குங்கள். துளை சிறுத்தால் ரிங்கும் டார்கெட்டும் ஒன்றாகக் கூர்மையாகும், ஆனால் இருட்டும். ரேஞ்சில் வெளிச்சம் குறைவென்றால் 1.2, 1.3 என்று திறக்கலாம். பயன்படுத்தாத கண்ணை இறுக மூடாதீர்கள். திறந்திருக்கும் கண்ணும் சேர்ந்து களைக்கும். 30 மி.மீ. அகலத்துக்குள் வெளிர் நிறப் பிளைண்டர் (கண் மறைப்பு) ஒன்று போதும்.

கிளிக் எவ்வளவு நகர்த்துகிறது என்பதைக் கையேட்டில் படிப்பதோடு நிறுத்தாமல், உங்கள் துப்பாக்கியில் அளந்துவிடுங்கள். சப்போர்ட் வைத்து ஐந்து குண்டு சுடுங்கள். வலது பக்கக் குமிழை 10 கிளிக் திருப்பி இன்னொரு ஐந்து. இரண்டு குரூப்பின் நடுவுக்கும் உள்ள தூரத்தைப் பத்தால் வகுத்தால் ஒரு கிளிக்கின் அளவு. பிறகு 10 கிளிக் திரும்ப வந்து மறுபடி ஐந்து. பழைய இடத்திலேயே பட வேண்டும். படவில்லை என்றால் சைட்டின் மரையில் தளர்ச்சி இருக்கிறது. அதன்பின் எத்தனை கிளிக் எண்ணினாலும் பயனில்லை.

ஜெர்மன் சைட்டுகளில் ஒரு குழப்பம் உண்டு. குமிழில் எச், டி, ஆர், எல் என்று இருக்கும்: மேல், கீழ், வலம், இடம். பெரும்பாலானவற்றில் அது குண்டு பட்ட பக்கத்தைக் குறிக்கும். மேலே பட்டால் எச் பக்கம் திருப்ப வேண்டும், குண்டு கீழே இறங்கும். ‘மேலே ஏற்ற வேண்டும், அதனால் எச்’ என்று திருப்பியவர் எதிர்ப்பக்கம் போயிருப்பார். புது சைட் என்றால் ஒரு குண்டு சுட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

குண்டு நடுவில் படும்படி சைட்டை ஜீரோ செய்து முடித்ததும், அந்த எண்களை நோட்டில் எழுதி, குமிழின் விளிம்பில் மெல்லிய பெயின்ட் புள்ளி ஒன்று வையுங்கள். இது வீண் எச்சரிக்கை இல்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா, இறுதிச் சுற்றுக்கு முந்தைய சைட்டர் குண்டுகளில் தன் சைட் மாறியிருந்ததைக் கண்டுபிடித்துச் சரிசெய்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். சைட்டர் நேரம் அதற்காகத்தான் இருக்கிறது. துப்பாக்கியை ரேக்கில் வைத்துவிட்டு வெளியே போய் வந்தால், முதல் வேலை பெயின்ட் புள்ளியைப் பார்ப்பது.

துப்பாக்கியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிப்பது தவறில்லை. பெரும்பாலோர் முகத்துக்குத் தோதாகச் சாய்த்தே பிடிக்கிறார்கள். ஆனால் சாய்வு மாறக்கூடாது. 10 மீட்டருக்குள் பெல்லட் 18 மி.மீ. அளவு கீழே விழுகிறது. அந்த வீழ்ச்சியை ஈடுகட்டப் பேரல் சற்று மேல்நோக்கி இருப்பதால், ஒரு டிகிரி கூடுதலாகச் சாய்த்தால் குண்டு 0.3 மி.மீ. பக்கவாட்டில் போகும். மூன்று டிகிரி என்றால் 0.3 புள்ளிக்கு மேல் போச்சு.

ட்ரிகர்

மேட்ச் ட்ரிகருக்கு இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் பிளேடு எதிர்ப்பு குறைவாக நகரும். பிறகு ஒரு சுவர்போல் நிற்கும். அதற்கு மேல் சிறிது அழுத்தினால் விழும். ஏர் ரைஃபிளில் குறைந்தபட்ச எடை என்று விதி எதுவும் இல்லை. ஆகவே 30 கிராமுக்கு இறக்கிவைத்துப் பெருமைப்படுபவர்கள் உண்டு. குளிரிலோ பதற்றத்திலோ விரல் மரத்துப்போனால், அந்த 30 கிராம் உங்களுக்கு முன்பாகவே முடிவெடுத்துவிடும். புதியவர்கள் 100 கிராம் அளவில் தொடங்குங்கள். அதில் 70 முதல் கட்டத்துக்கு, 30 இரண்டாவதற்கு. சுவர் தெளிவாக உணரப்பட வேண்டும், அதுதான் முக்கியம்.

திருத்தும் வரிசை: முதலில் பிளேடு இருக்கும் இடம், பிறகு முதல் கட்ட எடை, அடுத்து இரண்டாம் கட்ட எடை, கடைசியில் விழுந்த பிறகு பிளேடு நிற்கும் ஸ்டாப். ஸ்டாப்பை மிக நெருக்கமாக வைத்தால், வெயில் சூட்டில் உலோகம் சற்று விரிந்ததும் ட்ரிகர் விழாமலே நின்றுவிடும். கால் சுற்று இடைவெளி விடுங்கள். ஒவ்வொரு திருகையும் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். திருப்பிய பின், லோடு செய்யாமல் காக் செய்து, ஸ்டாக்கின் அடியை உள்ளங்கையால் நாலைந்து தடவை தட்டிப் பாருங்கள். தட்டியதும் விழுந்தால் அது ஆபத்தான ட்ரிகர். மறுபடி கூட்டுங்கள்.

எலும்பும் கையும் பழகுவதற்கு, பெல்லட் இல்லாமல் ட்ரிகரை மட்டும் அழுத்தும் டிரை ஃபயரே நல்ல மருந்து. அழுத்திய காற்றை அடைத்த சிலிண்டரால் இயங்கும் துப்பாக்கிகளில் டிரை ஃபயர் லீவர் இருக்கும். காற்று வெளியேறாமல் ட்ரிகர் மட்டும் விழும். பழைய ஸ்பிரிங் பிஸ்டன் ரைஃபிளில் இதைச் செய்யவே கூடாது. முன்னால் பெல்லட் இல்லாவிட்டால் பிஸ்டனுக்குக் காற்று மெத்தை கிடைக்காது. அது நேராகப் போய் இடித்து, சீலையும் ஸ்பிரிங்கையும் நாசம் செய்யும்.

பெல்லட்

ரைஃபிளுக்கு 0.53 கிராம் தட்டை முனை வாட்கட்டர். 0.45 கிராம் வகை பிஸ்டலுக்கானது. டப்பாவில் 4.49, 4.50, 4.51 என்று தலையின் விட்டம் போட்டிருக்கும். எது பொருந்தும் என்று பேரல்தான் சொல்ல வேண்டும்; நண்பரின் துப்பாக்கி சொன்னது உங்களுக்கு ஆகாது. துப்பாக்கியை வைஸில் மென்மையாகக் கவ்வி, ஒவ்வொரு அளவிலும் பத்துப் பத்தாக இரண்டு குரூப். ஐந்து குண்டு குரூப்பை நம்பாதீர்கள், அதிர்ஷ்டமும் அதில் கலந்திருக்கும். வகை மாற்றும்போது முதல் ஐந்து குண்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வெளி அளவு 6 மி.மீ.க்குள் வந்தால் போதுமானது. அதற்குக் கீழே 0.2 மி.மீ. வித்தியாசத்துக்காக டப்பா டப்பாவாகத் தேடுவது காசுக்குக் கேடு. பொருந்தியதும் டப்பாவின் லாட் எண்ணைப் பார்த்து, அதே லாட்டில் ஒரு பருவத்துக்கு ஆவதை வாங்கி வைத்துவிடுங்கள். அதே பெயர், அதே அளவு, வேறு லாட் என்றால் மறுபடி சோதிக்க வேண்டும்.

திடீரென்று ஒரு குண்டு மட்டும் ஒதுங்கிப் போனால், பெல்லட்டின் பின்பக்கப் பாவாடை விளிம்பு நசுங்கியிருந்ததா என்று யோசியுங்கள். உள்ளே வைக்கும்போது விரல் நுனியால் சுற்றித் தடவினாலே தெரியும். ஈயம் கையில் ஒட்டும். சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு, போன், கண் எல்லாம்.

காற்று

சிலிண்டரில் 200 பார், சில மாடல்களில் 300 பார் என்று பொறித்திருக்கும். 300 பார் ஸ்கூபா டேங்கிலிருந்து 200 பார் சிலிண்டரை நிரப்பும்போதுதான் விபத்துக்கு வாய்ப்பு அதிகம். வழிமுறை இது:

1. சிலிண்டரைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி, அடாப்டரில் கை இறுக்கத்தில் மாட்டுங்கள். ஸ்பேனர் வேண்டாம்.
2. காற்றை வெளிவிடும் பிளீட் திருகு மூடியிருக்கிறதா என்று பார்த்து, டேங்க் வால்வை மெல்ல, மிக மெல்லத் திறங்கள். அழுத்தமானியின் முள் ஏறும் வேகம் கண்ணால் எண்ணக்கூடியதாக இருக்கட்டும்.
3. 200ஐத் தொட்டதும் வால்வை மூடுங்கள். இரண்டு நிமிடம் பொறுத்தால் சூடு தணிந்து முள் 185 அளவுக்கு இறங்கும். மறுபடி மேலே ஏற்றுங்கள்.
4. பிளீட் திருகைத் திறந்து, அடாப்டரில் சிக்கிய காற்றை வெளியேற்றிய பிறகே சிலிண்டரைக் கழற்றுங்கள். இதை மறந்து இழுத்தால் ஓ-ரிங் கிழியும்.

நிரப்பிய சிலிண்டரைக் கார் டிக்கியில் விடாதீர்கள். 25 டிகிரியில் 200 பார் என்றால் 60 டிகிரியில் 220ஐத் தாண்டிவிடும். சித்திரை வெயிலில் மூடிய காருக்கு 60 டிகிரி ஒன்றும் பெரிய விஷயமில்லை. மருத்துவ ஆக்சிஜன் டேங்கிலிருந்து ஒருபோதும் நிரப்பாதீர்கள். உள்ளே ஒரு துளி கிரீஸ் இருந்தாலும் வெடிக்கும். கைப்பம்பு என்றால் ஐந்து நிமிடம் அடித்து, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, ஈரத்தை வெளியேற்றி, மறுபடி தொடங்குங்கள். கடற்கரை ஊர்களில் காற்றோடு தண்ணீரும் சேர்ந்தே உள்ளே போகும், ஃபில்டர் இல்லாமல் அடிக்கவே வேண்டாம்.

முள் 70 பார் பக்கம் இறங்கியதும் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டருக்குப் போதிய காற்று கிடைக்காது, வேகம் சரியும். வேகம் ஒரு மீட்டர் குறைந்தாலே குண்டு 0.2 மி.மீ. கீழே போகும், 10 மீட்டர் குறைந்தால் 2 மி.மீ.க்கு மேல். கையில் குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) கிடைத்தால் இருபது குண்டு சுட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏற்ற இறக்கம் 2 மீட்டருக்குள் இருந்தால் ரெகுலேட்டர் ஆரோக்கியம். சிறிது நேரம் சும்மா வைத்துவிட்டுச் சுடும் முதல் குண்டு மட்டும் எப்போதும் வேகம் மாறி வந்தால், ரெகுலேட்டரில் காற்று கசிந்து அழுத்தம் ஏறுகிறது. சீல் மாற்றும் நேரம். இதை வீட்டில் பிரிக்காதீர்கள்.

இரவு முள்ளின் எண்ணைக் குறித்துவைத்து, காலையில் பாருங்கள். அறைச் சூடு மாறாமலே 10 பார் குறைந்திருந்தால் கசிவு. சோப்புத் தண்ணீர் தொட்டால் இடம் தெரிந்துவிடும், பெரும்பாலும் சிலிண்டர் மாட்டும் வாயின் ஓ-ரிங். புது ஓ-ரிங்குக்கு சிலிகோன் கிரீஸ் லேசாக, விரலில் பளபளப்பு தெரியும் அளவு. தையல் மெஷின் எண்ணெய், டபிள்யூ.டி.40 போன்றவை உயர் அழுத்தப் பகுதிக்கு ஆகவே ஆகாது.

சுத்தம், கோளாறு

பேரலுக்கு 500 முதல் 1000 குண்டுக்கு ஒருமுறை இரண்டு ஃபெல்ட் பெல்லட் சுட்டால் போதும். இரும்புக் கம்பியை உள்ளே விடாதீர்கள். முனை விளிம்பு தேய்ந்தால் டெஸ்ட் கார்டு பழங்கதை. சுத்தம் செய்தபின் முதல் பத்துக் குண்டு அலையும், அதனால் போட்டிக்கு முந்தைய நாள் இரவில் சுத்தம் வேண்டாம். வியர்வைக் கை பட்ட இடத்தையெல்லாம் எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். கித்தான் பைக்குள் ஈரத்தோடு மூடிவைத்தால் ஒரு வாரத்தில் துருப்பிடிக்கும்.

குரூப் கெட்டால் முதலில் திருகுகள்: ஸ்டாக்கையும் மெக்கானிசத்தையும் இணைப்பவை, இரண்டு சைட்டையும் பிடிப்பவை. செங்குத்தாக நீண்டால் மூச்சு, இடது கை வைக்கும் இடம், காற்றழுத்தம். படுக்கையாக நீண்டால் கால் நிலை, கன்னம். நாற்பது குண்டுக்குமேல் மெல்ல ஒரு பக்கம் நகர்ந்தால் உடம்பு களைத்து நிலை மாறுகிறது. சைட்டைத் திருப்பாமல், இறக்கி வைத்து, கண்ணை மூடித் திறக்கும் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

போட்டிக்குப் புறப்படும்போது

எக்விப்மென்ட் கன்ட்ரோல் என்ற கருவிச் சோதனையில் எடை, நீளம், சிலிண்டர் தேதி மூன்றையும் பார்ப்பார்கள். தயாரித்த மாதமும் ஆண்டும் சிலிண்டரில் பொறித்திருக்கும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 10 ஆண்டு என்கிறார்கள். தேதி தாண்டிய சிலிண்டருக்குப் பொறுப்பு வீரருடையதே, அதைச் சோதித்துப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாமல் புதிது வாங்குங்கள். பழைய துப்பாக்கியை இரண்டாம் கையாக வாங்குபவர்கள் விலை பேசுமுன் பார்க்க வேண்டிய முதல் இடமும் இந்தத் தேதிதான்.

விமானத்தில் போவதென்றால் சிலிண்டரை முழுக்கக் காலி செய்து, துப்பாக்கியிலிருந்து கழற்றித் தனியாக வையுங்கள். அதற்கான காலி செய்யும் திருகு பெட்டியோடு வரும். போகும் ரேஞ்சில் நிரப்பும் டேங்கின் அடாப்டர் 200 பார் மரையா, 300 பார் மரையா என்று முன்கூட்டியே கேட்டு, உங்கள் அடாப்டரையும் இரண்டு ஓ-ரிங்கையும் ஆலன் கீ செட்டோடு செக்-இன் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.